இரண்டாவது அடைப்புக்குறியில் தடுமாறுபவர்களுக்கு

பைத்தான் என்ற கணினி மொழியில் லிஸ்ட் வரைக்கும் பிள்ளைகள் சிரமமில்லாமல் வந்துவிடுகிறார்கள். ஐந்து பாட மதிப்பெண், ஒரு வாரத்து வெயில் அளவு, கடைச் சாமான் என்று எதைக் கொடுத்தாலும் சதுர அடைப்புக்குறிக்குள் எழுதி, லூப் போட்டு அச்சிட்டுக் காட்டுவார்கள். லிஸ்டுக்குள் லிஸ்ட் வரும் அன்றைக்குத்தான் வகுப்பு அமைதியாகிவிடுகிறது. புரிந்ததா என்று கேட்டால் தலையாட்டுவார்கள். ஒரு கணக்கைக் கொடுத்தால், இரண்டாவது அடைப்புக்குறியில் எந்த எண்ணைப் போடுவது என்று ஊகித்து ஊகித்துப் போட்டுப் பார்ப்பார்கள். விடை வந்ததும் நிறுத்திவிடுவார்கள்.

எங்கள் ஊரில் சனி, ஞாயிறு மாலைகளில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் பாலிடெக்னிக் மாணவர்களுக்கும் பைத்தான் சொல்லித் தருகிறேன். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலிலேயே பைத்தான் இருப்பதால் தேவை இருக்கிறது. ஆனால் பாடநூலில் நெஸ்டட் லிஸ்டுக்கு, அதாவது லிஸ்டுக்குள் லிஸ்டுக்கு, கிடைக்கும் இடம் சிறியது. ஒரு வரையறை, ஓர் எடுத்துக்காட்டு, அடுத்த தலைப்பு. தேர்வுக்கு அது போதும். ப்ரோக்ராம் எழுதப் போதாது. இத்தனை காலம் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்ததில், இரண்டே இரண்டு கேள்விகளை விடாமல் கேட்கப் பழகியவர்கள் தேறிவிடுகிறார்கள் என்பது என் உறுதியான நம்பிக்கை. ஒன்று, ‘இப்போது கையில் இருப்பது என்ன?’ இன்னொன்று, ‘உண்மையில் எத்தனை லிஸ்ட் இருக்கிறது?’

முதல் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். வேரியபிள் பெயர்களை நாங்கள் தமிழிலேயே எழுதுகிறோம். 2008-இல் வந்த பைத்தான் 3 முதல் இது செல்லும். லூப் தொடங்கும் சொற்கள் போன்றவை மட்டும் ஆங்கிலத்தில் இருக்கும். தமிழ்ப் பெயர் வைத்தால், எது பைத்தானுடைய சொல், எது நாம் வைத்த பெயர் என்பது புதிதாகப் படிப்பவர் கண்ணுக்குப் பளிச்சென்று பிரிந்து தெரிகிறது.

மதிப்பெண் = [["கயல்", 78, 91, 64], ["முகிலன்", 55, 83, 70], ["நிலா", 90, 47, 88]]

இதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, கணினியைத் தொடவிடாமல் வாயால் சொல்லச் சொல்வேன். மதிப்பெண் என்றால் கையில் என்ன? மூன்று உறுப்புள்ள லிஸ்ட். பன்னிரண்டு என்று யாராவது சொன்னால் அங்கேயே நின்றுவிட வேண்டும், மேலே போகக் கூடாது. மதிப்பெண்[1] என்றால்? பைத்தான் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணும் என்பதால் முகிலனுடைய முழு வரிசை, நான்கு உறுப்புள்ள லிஸ்ட். மதிப்பெண்[1][2] என்றால்? 83, ஓர் எண். அவ்வளவுதான், அதற்குமேல் திறக்க எதுவும் இல்லை. இடமிருந்து வலமாக ஒவ்வோர் அடைப்புக்குறியாக நின்று, ஒவ்வொன்றிலும் ‘லிஸ்டா, எண்ணா, ஸ்ட்ரிங்கா (எழுத்துத் தொடரா)’ என்று பதில் சொல்லிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகலாம். பார்க்க மந்தமான பயிற்சியாகத் தெரியும். ஆனால் இதைச் செய்தவர்கள் ஊகிப்பதை நிறுத்திவிடுகிறார்கள்.

இந்தப் பழக்கம் வந்துவிட்டால் எரர் செய்திகளும் பேச ஆரம்பித்துவிடும். மதிப்பெண்[1][2][0] என்று எழுதினால் ‘இன்ட் ஆப்ஜெக்ட் இஸ் நாட் சப்ஸ்கிரிப்டபிள்’ என்று திட்டும். 83 என்ற எண்ணுக்குள் பூஜ்ஜியாவது உறுப்பைக் கேட்டிருக்கிறோம், ஓர் அடைப்புக்குறி கூடிப்போய்விட்டது. அவ்வளவுதான் அதன் பொருள். கணக்குப் பாடத்தில் அணியின் உறுப்பை எழுதும் பழக்கத்தில் சிலர் மதிப்பெண்[1, 2] என்று எழுதுவார்கள். அதற்கு ‘லிஸ்ட் இண்டைசஸ் மஸ்ட் பி இண்டிஜர்ஸ் ஆர் ஸ்லைசஸ், நாட் டூப்புள்’ என்று வரும். காற்புள்ளி போட்டவுடன் 1, 2 இரண்டும் சேர்ந்து ஒரு டூப்புள் (மாற்ற முடியாத தொகுப்பு) ஆகிவிட்டது, லிஸ்டுக்கு அது இண்டெக்ஸ், அதாவது இட எண், ஆகாது.

இதே செய்தி முற்றிலும் வேறோர் இடத்திலும் வரும், அங்கேதான் பிள்ளைகள் திகைத்துப்போகிறார்கள்:

[[78, 91] [55, 83]]

உள் லிஸ்டுகளுக்கு நடுவே காற்புள்ளி விட்டுப்போயிருக்கிறது. மனிதக் கண்ணுக்கு இது இரண்டு வரிசை. பைத்தானுக்கு, [78, 91] என்ற லிஸ்டும் அதைத் தொடரும் இண்டெக்ஸும். பைத்தான் 3.8 முதல் ‘காற்புள்ளியை விட்டுவிட்டீர்களோ’ என்று கேட்கும் எச்சரிக்கையும் சேர்ந்தே வருகிறது, அதைப் படிக்கப் பழக்க வேண்டும். ஆனால் [[5, 6] [0]] என்று எழுதினால் எச்சரிக்கையும் வராது, எரரும் வராது. [5] என்று ஒரு விடை மட்டும் வரும். அதனால் பெரிய லிஸ்டை ஒரே வரியில் அடைக்காமல், வரிசைக்கு ஒரு வரியாகக் கீழ்க்கீழே எழுதச் சொல்கிறேன். ஒவ்வொரு வரி முடிவிலும் காற்புள்ளி இருக்கிறதா என்று கண் தானாகவே பார்த்துக்கொள்ளும்.

இங்கே தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு விஷயம். மதிப்பெண்[1][0][0] என்று கேட்டால் எரர் வராது, ஏனென்றால் மதிப்பெண்[1][0] ஒரு ஸ்ட்ரிங், அதற்குள்ளும் இண்டெக்ஸ் உண்டு. ஆனால் விடை ‘மு’ இல்லை, ‘ம’. கணினி எழுத்துகளைக் குறித்துவைக்கும் யூனிகோடில் ம ஒரு குறியீடு, உகரக் குறி இன்னொரு குறியீடு. முகிலன் என்ற பெயர் நமக்கு நான்கு எழுத்து, பைத்தானுக்கு ஏழு. எழுத்தாகவே பிரித்துத் தர ஓப்பன்-தமிழ் என்ற நூலகம் இருக்கிறது. ஆர்வமுள்ள பிள்ளைகள் ஒரு வரித் திருக்குறளைச் சொல் சொல்லாகவும், ஒவ்வொரு சொல்லையும் எழுத்தெழுத்தாகவும் பிரித்து நெஸ்டட் லிஸ்டாக்கிப் பார்க்கலாம். நல்ல பயிற்சி.

இந்தக் கட்டத்தை விடுவதற்குமுன் இன்னொரு பொறியையும் காட்டிவிடுவேன். எல்லோருடைய முதல் பாட மதிப்பெண்ணும் வேண்டும், அதாவது ஒரு நெடுவரிசை. உடனே ஒருவர் மதிப்பெண்[:][1] என்று எழுதுவார். ‘எல்லா வரிசையும், அதில் ஒன்றாவது’ என்று படித்தால் நியாயமாகத்தான் தோன்றும். கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். மதிப்பெண்[:] என்றால் கையில் என்ன? அதே மூன்று வரிசை கொண்ட இன்னொரு லிஸ்ட். அதில் [1] என்றால் முகிலனுடைய வரிசை. ஆக, நெடுவரிசை வேண்டும் என்றால் வரிசை வரிசையாக லூப் ஓடி, ஒவ்வொன்றிலிருந்தும் [1] எடுத்துப் புதிய லிஸ்டில் சேர்ப்பதுதான் வழி. இரண்டு பக்கமும் சுருக்கமாக வெட்டி எடுக்கும் வசதி நம்பை நூலகத்தின் அணிகளுக்கு உண்டு, சாதாரண லிஸ்டுக்கு இல்லை.

சரி, இனி இரண்டாவது கேள்வி. இதற்கு மதிப்பெண் பட்டியல் போதாது, ஏனென்றால் அதில் எதுவும் நகர்வதில்லை. வெறுமனே படித்தால் பயன் குறைவு, காய் நகர்த்தினால்தான் மர்மம் வெளியே வரும். எனவே நான் எடுத்துக்கொள்வது பல்லாங்குழி. பக்கத்துக்கு ஏழு குழி, இரண்டு பக்கம், குழிக்கு ஐந்து புளியங்கொட்டை. ஊருக்கு ஊர் ஆட்டம் மாறும். குழிக்கு ஆறு போடும் வீடுகளும் உண்டு. நாங்கள் ஐந்து வைத்துக்கொள்கிறோம்.

குழி = [[5]*7, [5]*7]

[5]*7 என்றால் ஏழு 5 கொண்ட லிஸ்ட். குழி[0] எதிராளி பக்கம், குழி[1] நம் பக்கம். இடமிருந்து வலமாகப் போட்டுக்கொண்டே போய், நம் பக்கம் முடிந்ததும் மேலே ஏறி, எதிர்ப் பக்கத்தில் வலமிருந்து இடமாக வர வேண்டும். குழி[1][4]-இல் உள்ள ஐந்தையும் அள்ளி ஒவ்வொன்றாகப் போட்டால் முடிவு இப்படி இருக்க வேண்டும்:

[[5, 5, 5, 5, 6, 6, 6], [5, 5, 5, 5, 0, 6, 6]]

இதைக் கணினியில் எழுதுவதற்குமுன் உண்மையான கொட்டைகளை வைத்தோ நோட்டில் வட்டம் போட்டோ ஆடிப் பார்க்க வேண்டும். மூலையில் திரும்பும்போது கை எங்கே போகிறது? குழி[1][6]-க்கு அடுத்தது குழி[0][6], குழி[0][0] இல்லை. இண்டெக்ஸ் ஒன்றில் ஏறுகிறது, இன்னொன்றில் இறங்குகிறது. ‘அடுத்த குழி எது’ என்ற இந்த ஒன்றை மட்டும் தனி ஃபங்ஷனாக எழுதச் சொல்வேன். வரிசை எண்ணும் குழி எண்ணும் உள்ளே போக, அடுத்த வரிசை எண்ணும் குழி எண்ணும் வெளியே வர வேண்டும். இது சரியாக வந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது.

கொட்டை மொத்தம் 70. ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பிறகும் பலகையில் இருப்பதையும் எடுத்து வைத்ததையும் கூட்டினால் 70 வர வேண்டும். இப்படி மாறாமல் இருக்க வேண்டிய ஓர் அளவைத் தேடிப் பிடித்து, அடிக்கடி சரிபார்க்கும் பழக்கம் எந்த ப்ரோக்ராமுக்கும் கைகொடுக்கும்.

ஒரு வகுப்பில் ஒரு பெண் இரண்டு தடவை எழுதுவானேன் என்று நினைத்து, பலகையை இப்படி அமைத்தாள்:

குழி = [[5]*7] * 2

அச்சிட்டுப் பார்த்தால் முன்னதற்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆட்டத்தை ஓட்டினாள். ஓட்டிவிட்டு, “அக்கா, நான் என் பக்கம்தானே அள்ளினேன். அந்தப் பக்கமும் ஏன் குறையுது?” என்றாள். “ரெண்டு பக்கம் இருக்குன்னு யார் சொன்னா? படம் போட்டுப் பாரு” என்றேன். அவளுடைய திரையில் இருந்தது இது:

[[5, 5, 5, 5, 1, 7, 7], [5, 5, 5, 5, 1, 7, 7]]

கூட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் 35, இன்னொரு பக்கம் 35, மொத்தம் 70. சரிபார்ப்பு ‘எல்லாம் சரி’ என்றே சொல்லும். அள்ளும்போது ஐந்துக்குப் பதில் பத்து குறைகிறது, போடும்போது ஒவ்வொன்றும் இரண்டாகக் கூடுகிறது, கடைசியில் கணக்கு நேராகிவிடுகிறது. எனவே மொத்தத்தை மட்டும் நம்பக் கூடாது, ஒவ்வொரு நகர்த்தலுக்குப் பிறகும் இரண்டு வரிசையையும் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அன்றைக்கு எல்லோருக்கும் விளங்கியது.

காரணம் இதுதான். லிஸ்டுக்குள் லிஸ்ட் என்று சொன்னாலும், வெளி லிஸ்டுக்குள் உள் லிஸ்டுகள் குடியிருப்பதில்லை. அவை எங்கே இருக்கின்றன என்ற குறிப்பு மட்டுமே இருக்கிறது. * 2 என்று பெருக்கினால் குறிப்பு இரண்டாகிறது, லிஸ்ட் ஒன்றாகவே இருக்கிறது. ஒரே வீட்டின் முகவரியை இரண்டு சீட்டில் எழுதியது போல. [5]*7 என்ற பெருக்கலில் இந்தச் சிக்கல் ஏன் வரவில்லை என்று நல்ல மாணவர்கள் கேட்பார்கள், கேட்க வேண்டும். அங்கேயும் ஒரே 5-க்கு ஏழு குறிப்புகள்தான். ஆனால் எண்ணை உள்ளிருந்து மாற்ற முடியாது. குழி[1][4] = 0 என்றால் அந்த இடத்துக் குறிப்பு வேறோர் எண்ணைக் காட்டத் தொடங்குகிறது, அவ்வளவே. லிஸ்டை உள்ளிருந்து மாற்ற முடியும், அதனால்தான் இந்தத் தொல்லை. இதே குழப்பம் உலகமெங்கும் வருவதால், பைத்தானின் அதிகாரபூர்வ ஆவணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளில் இதற்கும் ஓர் இடம் உண்டு.

விளக்கத்தைவிடப் படம் வேகமாக வேலை செய்யும். வெளி லிஸ்டுக்கு ஒரு பெட்டி, அதிலிருந்து ஒவ்வோர் உள் லிஸ்டுக்கும் ஓர் அம்பு. இரண்டு அம்பும் ஒரே பெட்டியில் போய் முடிந்தால் ஆபத்து. முதலில் நோட்டில் வரையச் சொல்வேன். அதன்பிறகு ஃபிலிப் குவோ உருவாக்கிய, ப்ரோக்ராம் ஓடுவதைப் படமாகக் காட்டும் பைத்தான் டியூட்டர் தளத்தில் அதே வரிகளைப் போட்டு, தாங்கள் வரைந்ததும் அது வரைவதும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். வரிசை தலைகீழாகிவிடக் கூடாது. முதலில் அதைப் பார்த்துவிட்டால் தலையாட்டல்தான் மிஞ்சும்.

பல்லாங்குழியிலேயே அடுத்த பாடமும் இருக்கிறது. ஓர் ஆட்டம் ஆடிவிட்டுப் ‘பழைய நிலைக்குப் போ’ என்ற வசதி வேண்டும் என்பார்கள். ஆடுவதற்குமுன் பழையது = குழி என்று எழுதினால் ஒரு பயனும் இல்லை, இது சீக்கிரம் புரிந்துவிடும். பழையது = குழி[:] என்று எழுதினால்? வெளி லிஸ்ட் புதிது, உள் லிஸ்டுகள் பழையவையே. எத்தனை லிஸ்ட் இருக்கிறது என்று எண்ணினால் நான்கு வர வேண்டிய இடத்தில் உள் லிஸ்டுகள் இரண்டுதான் இருக்கும். சரியான வழி:

பழையது = [குழி[0][:], குழி[1][:]]

அடுக்குகள் இன்னும் ஆழமாகப் போனால் எல்லா அடுக்கையும் நகலெடுத்துத் தர காப்பி மாட்யூலில் டீப்காப்பி இருக்கிறது. ஆனால் அதை முதலிலேயே கொடுத்துவிடுவதை நான் விரும்புவதில்லை. கையால் ஒருமுறை நகலெடுத்தவருக்குத்தான் அது எதற்கு என்று தெரியும்.

பயனரிடம் கேட்டு வாங்கி லிஸ்டை நிரப்பும்போதும் இதே தவறு வேறு முகத்தோடு வரும். வரிசை = [] என்ற வரியை வெளி லூப்புக்கு மேலே எழுதி, ஒவ்வொரு சுற்றிலும் அதை நிரப்பி, வெளி லிஸ்டின் கடைசியில் சேர்த்து (அப்பெண்ட் செய்து), பிறகு காலி செய்வார்கள். கடைசியில் பார்த்தால் எல்லா வரிசையும் காலி. அந்த வரி வெளி லூப்புக்கு உள்ளே, அதன் முதல் வரியாக இருக்க வேண்டும். அப்போதுதான் சுற்றுக்கு ஒரு புது லிஸ்ட் பிறக்கும்.

இதுவரை எல்லா வரிசையும் ஒரே நீளம். வாழ்க்கையில் அப்படி வராது, எனவே கோலத்துக்குப் போவோம். ‘7 புள்ளி, 4 வரை, இடைப்புள்ளி’ என்று கோலப் புத்தகங்களில் போட்டிருப்பார்கள். நடுவரிசையில் ஏழு, இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாகக் குறைந்து நான்கில் நிற்கும்.

கோலம் = [[0]*4, [0]*5, [0]*6, [0]*7, [0]*6, [0]*5, [0]*4]

மொத்தப் புள்ளி 37. எண்ணிச் சொல்ல ஒரு ப்ரோக்ராம் எழுது என்றால், முதல் வரிசையின் நீளத்தை எடுத்து உள் லூப்புக்கு வைப்பவர்கள் பாதிப் பேர். விடை 28 வரும். எரர் வராது. ஒன்பது புள்ளிகள் சத்தமில்லாமல் காணாமல்போயிருக்கும். உள் லூப் அந்தந்த வரிசையின் நீளத்தைத்தான் கேட்க வேண்டும், முதல் வரிசையினுடையதை இல்லை. சதுரமான தரவில் மட்டும் பழகியவர்களுக்கு இது தெரியாமலே போய்விடுகிறது.

அடுத்து, ஒரு புள்ளிக்குக் கீழே உள்ள இரண்டு புள்ளிகள் எவை? கோலம் விரிந்துகொண்டு போகும் மேல்பாதியில், அதே எண்ணும் அடுத்த எண்ணும். சுருங்கும் கீழ்ப்பாதியில், முந்தைய எண்ணும் அதே எண்ணும். கீழ்ப்பாதியின் ஓரத்தில்தான் விஷயம் இருக்கிறது. வலது ஓரப் புள்ளிக்கு வலது பக்கத் துணை கிடையாது, அங்கே பைத்தான் ‘அவுட் ஆஃப் ரேஞ்ச்’ என்று நிறுத்திவிடும். இடது ஓரப் புள்ளிக்கு இடது பக்கத் துணை கிடையாது, ஆனால் அங்கே இண்டெக்ஸ் -1 ஆகிறது. பைத்தானில் -1 என்றால் கடைசி உறுப்பு. எனவே எரர் இல்லாமல், இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்குக் கோலத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு கோடு போகும். கோலம் போடத் தெரிந்த பிள்ளைகள் அந்தக் கோட்டைப் பார்த்த கணமே பிழை என்று சொல்லிவிடுகிறார்கள். இதற்காகவே பழகிய தரவை எடுக்கச் சொல்கிறேன். விடை எப்படி இருக்க வேண்டும் என்று முன்பே தெரிந்தால்தான் தவறான விடை கண்ணில் உறுத்தும்.

கோலத்தைக் கணினியோடு சேர்த்துப் பார்ப்பது புதிது ஒன்றுமில்லை. சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிரித்திவாசனோடு சேர்ந்து, கோலங்களை இருபரிமாண அணி இலக்கணங்களால் விவரிக்கலாம் என்று 1974-இலேயே ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். வாசலில் தினமும் பார்ப்பதைக் கணினி அறிவியலாகப் பார்த்தவர்கள் நம் ஊரிலேயே இருந்திருக்கிறார்கள் என்று வகுப்பில் சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருக்கும், பிள்ளைகள் முகத்திலும் அது தெரியும்.

லூப்பை அடைப்புக்குறிக்குள்ளேயே எழுதி லிஸ்டை உருவாக்கும் லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷனை எப்போது சொல்லித் தருவது என்று மற்ற ஆசிரியர்கள் கேட்பதுண்டு. இதெல்லாம் முடிந்த பிறகு. ஒரே வரியில் பலகையை அமைக்க அது அழகான வழி, சுற்றுக்கு ஒரு புது லிஸ்ட் தருவதால் பெருக்கல் பிரச்சினையும் வராது. ஆனால் இரண்டு லூப்பைக் கையால் எழுதித் தேறாதவர் அதை மனப்பாடம்தான் செய்வார். ஹேக்கர்ரேங்க் என்ற ப்ரோக்ராமிங் பயிற்சித் தளத்தில் நெஸ்டட் லிஸ்ட் என்ற பெயரிலேயே ஒரு கணக்கு இருக்கிறது. மாணவர் பெயர்களும் மதிப்பெண்களும் கொடுத்து, கடைசிக்கு முந்தைய மதிப்பெண் வாங்கியவர்கள் யார் என்று கேட்கும். அதையும் கொஞ்சம் தள்ளி வைப்பது நல்லது. அதில் உண்மையான சிரமம் ஒரே மதிப்பெண்ணைப் பலர் வாங்கியிருக்கும்போது வருவது, அடுக்குகளால் வருவது இல்லை.

மதிப்பெண் பட்டியலுக்குத் திரும்பி வந்து, ‘வேதியியல் எத்தனையாவது இண்டெக்ஸ்?’ என்று ஒருவர் பக்கத்தில் இருப்பவரைக் கேட்க ஆரம்பித்தால், அவருக்கு டிக்‌ஷனரி சொல்லித் தரும் நேரம் வந்துவிட்டது. பலகை, கோலம், இருக்கை வரிசை போல இடம்தான் முக்கியம் என்ற தரவுக்கு நெஸ்டட் லிஸ்ட் பொருத்தம். பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டிய தரவுக்கு, லிஸ்டுக்குள் டிக்‌ஷனரி. அங்கே போனாலும் ஒவ்வோர் அடைப்புக்குறியிலும் நின்று கையில் இருப்பது என்ன என்று வாயால் சொல்லச் சொல்லித்தான் தொடங்குகிறேன்.